எழுதியது அப்படியே இருக்கிறது

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா வந்திருந்தார். அப்பா நடத்திய பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பிறகு செக்கிங் டேபிளுக்கு மாறி, மொத்தம் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். வயது ஐம்பத்தெட்டு தாண்டிவிட்டது. பி.எஃப். பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்று விசாரித்தபோதுதான், தன் பேரில் இரண்டு கணக்கு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றில் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொன்றில் ஆறு வருடம். 1995 ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி மாதாமாதம் பென்ஷன் வர வேண்டுமானால் பத்து வருடச் சேவை வேண்டும். இரண்டையும் கூட்டினால் பத்தைத் தாண்டுகிறது. தனித்தனியாக எதுவும் தேறாது. இரண்டு கணக்கிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று காட்ட ஒரு தாள் வேண்டும்.

"ஏனுங்ணா, அந்தப் பழைய சம்பள ரிஜிஸ்டர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எல்லாம் பையன் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கான். இரும்மா, காட்டறேன்" என்று அப்பா புது லேப்டாப்பைத் திறந்தார். மாடிப்படிக்கு அடியில், இன்வர்ட்டருக்குப் பக்கத்தில், நான் 2016 இல் செய்துவைத்த சர்வர் இருக்கிறது. பழைய டெஸ்க்டாப் பெட்டி, நாலு ஹார்ட் டிஸ்க். கம்பெனிக் கணக்கு, குடும்பப் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். அப்பா "கணக்கு" என்ற ஃபோல்டரைத் தட்டினார். திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார். திறக்கவில்லை.

பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த நான் உள்ளேயிருந்து எழுந்து வந்தேன். பதினைந்து நிமிட வேலை என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில், என் தொழிலில் தினமும் கையாளும் சில விஷயங்களின் வரலாற்றை முதல் முறையாக ஒழுங்காக யோசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1925 இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங்தான் திருப்பூரின் முதல் பனியன் ஆலை என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நூறு வருடத்தில் ஊர் வளர்ந்த விதம் விசித்திரமானது. பெரிய ஆலை ஒன்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்வது இங்கே குறைவு. நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், காம்பாக்டிங் வேறு இடம். கட்டிங் முடித்துப் பவர் டேபிளுக்குப் போய், செக்கிங், அயனிங், பேக்கிங் வரை ஒரு பனியன் பத்துக் கை மாறும். ஒவ்வொரு கையிலும் ஒரு டெலிவரி சலான் எழுதப்படும். 1980களில் ஏற்றுமதி பெருகியதும் இந்தத் தாள்களும் பெருகின. 1990 இல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. 2005 ஜனவரி 1 அன்று உலக அளவில் ஜவுளிக் கோட்டா முடிவுக்கு வந்தது. அதை எதிர்பார்த்து அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடங்களில் ஊரே மெஷின் வாங்கிப் போட்டது. வெளிநாட்டு பையர் வந்து பார்த்தால் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும் என்ற பேச்சும் அப்போதுதான் பலமாக அடிபட்டது.

அப்பாவினுடையது ஜாப் வொர்க் எடுக்கும் சின்ன யூனிட். முப்பத்திச் சொச்சம் மெஷின். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். சம்பளம் ஷிஃப்ட் கணக்கு. எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. அது ஒரு நீள ரிஜிஸ்டரில் அப்பா கையெழுத்தில் இருக்கும். 2004 இல் அவரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, துணி வராமல் எங்கள் மாதிரி யூனிட்டுகள் நின்றன. அடுத்த வருடம் அப்பா மெஷின்களை விற்றுவிட்டார். கம்ப்யூட்டரிலிருந்த ஃபோல்டர்களை மட்டும் நான் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். கம்பெனியில் மிச்சம் என்று சொன்னால் அதுதான்.

*

இப்போது திறக்காத ஃபோல்டருக்கு வருவோம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து, தன்னுடையது போலவே திறப்பது என்ற எண்ணம் 1980களின் தொடக்கத்தில் இரண்டு பக்கங்களில் உருவானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984 இல் என்.எஃப்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது எஸ்.எம்.பி. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்து விண்டோஸுக்குள் வைத்ததால், நம் ஊர் ஆபீஸ்களில் "ஷேரிங் போட்டு வை" என்று சொன்னால் அது எஸ்.எம்.பி.தான்.

1991 கடைசியில் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லுக்கு, யுனிக்ஸ் இயந்திரத்திலிருக்கும் கோப்புகளைத் தன் பி.சி.யிலிருந்து திறக்க வேண்டியிருந்தது. அந்த உரையாடலின் இலக்கணம் அவரிடம் இல்லை. இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்வதைக் கம்பியில் ஒட்டுக்கேட்டு, எதற்கு எது பதில் என்று குறித்துக்கொண்டு, அதேபோல் பேசும் ஒரு நிரலை எழுதினார். மொழி தெரியாத ஊரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டால் என்ன வருகிறது என்று கவனித்தே மொழி கற்பதோடு இதை அவரே பின்னாளில் ஒப்பிட்டிருக்கிறார். பெயர் வைக்க அகராதியில் எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொற்களைத் தேடினார். சாம்பா கிடைத்தது. ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராக 2004 இல் கொடுத்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, 2007 டிசம்பரில்தான் சாம்பா குழுவுக்கு அந்த இலக்கணம் எழுத்தில் கிடைத்தது. அதற்குக் கட்டணம் 10,000 யூரோ. ஒட்டுக்கேட்டே பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். இன்று வீட்டில் வைக்கும் சர்வர்களில் பெரும்பாலும் விண்டோஸோடு பேசுவது அந்தச் சாம்பாதான். எங்கள் மாடிப்படிப் பெட்டியிலும் அதுவேதான்.

ஆரம்ப காலத்து எஸ்.எம்.பி. நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. ஒரே ஆபீஸ், ஒரே கம்பி, எல்லாரும் தெரிந்தவர்கள். எங்கள் யூனிட்டிலும் அப்படித்தான். "எல்லாருக்கும் எல்லா அனுமதியும்" என்று டிக் போட்டு வைத்தால் வேலை ஓடும். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியது இந்தப் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளிவந்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முதல் பதிப்பு தானாக நிறுவப்படுவது நின்றது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2, ப்ரோ முதலான பதிப்புகளில் இன்னொரு கதவையும் சாத்தியது. போகவர இருக்கும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கட்டாயம். பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் "விருந்தாளி"யாக நுழைபவருக்குக் கையொப்பமிட வழி கிடையாது. ஆகவே வெளியே நிற்க வேண்டியதுதான்.

அப்பாவுக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது என்று 2016 இல் நான் அந்த ஃபோல்டரை விருந்தாளிகளுக்குத் திறந்து வைத்திருந்தேன். சோம்பேறித்தனம். பழைய லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லை. புதியது சொல்லிவிட்டது. அப்பா பேரில் ஒரு பயனர், ஒரு கடவுச்சொல், ஃபோல்டரின் உரிமையை அந்தப் பயனருக்கு மாற்றுவது. அவ்வளவுதான். ஃபோல்டர் திறந்தது.

ஆனால் உள்ளே 2004-05 சம்பளக் கோப்பைத் தட்டினால், வாசிக்க முடியவில்லை என்று வந்தது.

*

சர்வருக்குள் நுழைந்து சேமிப்புத் தொகுதியின் நிலையைக் கேட்டேன். நாலு டிஸ்கில் ஒன்று செத்திருந்தது. நாலு மாதத்துக்கு முன்பே செத்திருந்தது. அப்படி ஆனால் எனக்கு மெயில் வரும்படி அமைத்திருக்க வேண்டும், அமைக்கவில்லை. இரண்டாவது டிஸ்கில் வாசிப்புப் பிழைகள் ஏறிக்கொண்டிருந்தன. கீழே, மீட்க முடியாமல் போனவை என்று ஏழு கோப்புகளின் பெயர். அவற்றில் ஒன்று அந்த அக்காவுக்கு வேண்டியது.

"நாலு டிஸ்க் போட்டா ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆகாதுன்னியேடா?" என்றார் அப்பா.

ஒன்று போனால் ஒன்றும் ஆகாதுதான். அந்த வாக்கியத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் இயந்திரத்தில் முதல் ஹார்ட் டிஸ்க் வந்தது. இரண்டடி விட்டத்தில் ஐம்பது தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். அதற்குப் பிறகு முப்பது வருடம் வரை, நம்பகமான சேமிப்பு என்றால் விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்று என்றே அர்த்தம். 1988 இல் பெர்க்லியில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி.சி.க்கு விற்கும் மலிவான 100 எம்.பி. டிஸ்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் பெரிய டிஸ்கை மிஞ்சலாம் என்பது வாதம். நூறு மலிவான டிஸ்க் என்றால் அடிக்கடி ஏதாவது ஒன்று சாகும். அதற்குப் பதிலாக அவர்கள் வகைப்படுத்திக் காட்டியவைதான் ரெய்டு நிலைகள். அந்தப் பெயரில் இருந்த "மலிவான" என்ற சொல்லை விற்பனையாளர்கள் பிறகு "தனித்தனியான" என்று மாற்றிக்கொண்டார்கள்.

உத்தி எளிமையானது. மூன்று டிஸ்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நாலாவதில் 0 எழுதுகிறோம். இனி இந்த நாலில் எது செத்தாலும் மற்ற மூன்றைப் பார்த்து அதைச் சொல்லிவிடலாம். இரண்டு செத்தால் முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். முதல் டிஸ்க் போனபோது ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் யாரும் கவனிக்கவில்லை. பாதுகாப்பு இல்லாமல் நாலு மாதம் ஓடியிருக்கிறது.

இந்த உத்தியில் திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் இன்னொரு ஓட்டையும் உண்டு. தகவலை மூன்று டிஸ்கில் எழுதியாயிற்று, நாலாவதில் சரிபார்ப்பு எண்ணை எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் நாலும் நலமாகவே தெரியும், ஆனால் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தாது. பின்னால் ஒரு டிஸ்க் செத்து மீட்கும்போதுதான் அது தவறாக மீளும். துறையில் இதை எழுத்து ஓட்டை என்பார்கள். 2012 வாக்கில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல், ஜெனரேட்டர் சத்தத்தில் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

அதைவிட மோசமானது, கரண்ட் போகாமலே டிஸ்க் தவறாக வாசிப்பது. டிஸ்க் செத்தால் தெரிந்துவிடும். பிழையான விடையை நல்ல விடைபோலக் கொடுத்தால்? 2007 இல் சேர்ன் ஆய்வகம் தன் ஆயிரக்கணக்கான கணினிகளில் தெரிந்த எண்களை எழுதித் திரும்ப வாசித்துப் பார்த்தது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மாறிப்போன கோப்புகள் கிடைத்தன. அதே வருடம் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போன டிஸ்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டவில்லை என்று இருந்தது.

செக்கிங் டேபிளில் நின்றவர்களுக்கு இது தெரிந்த கதை. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசியின் கொக்கி லேசாக வளைந்தால் மெஷின் நிற்காது. துணி ஓடிக்கொண்டே இருக்கும், ரோல் முழுக்க நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு விழுந்துகொண்டே இருக்கும். நீடில் லைன் என்பார்கள். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் கட்டிங்குக்கு அனுப்பினால், பத்து ரோல் தாண்டி பையர் கண்ணில் படும்.

*

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மாத்யூ ஆரன்ஸும் 2001 இல் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். இந்த இரண்டு பிரச்சினைகளையும் ஒன்றாகப் பார்த்தது. அதற்கு முன்பு டிஸ்கைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அளவு குறித்து, நிரம்பினால் திண்டாடுவார்கள். ராம் வாங்கிச் செருகினால் யாரும் அதைத் துண்டு போடுவதில்லையே, டிஸ்கும் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். எல்லா டிஸ்கையும் சேர்த்து ஒரு குளம். அதிலிருந்து யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. சேமிப்புக் குளம் என்ற பெயர் பரவலானது இப்படித்தான்.

இரண்டாவது மாற்றம் முக்கியமானது. ஒவ்வொரு துண்டுத் தகவலையும் எழுதும்போது அதன் எண்களையெல்லாம் கூட்டிக் குறுக்கி ஒரு கைரேகை எடுக்கும். அந்தக் கைரேகையைத் தகவலுக்குப் பக்கத்தில் வைக்காது, அதைச் சுட்டிக்காட்டும் மேல்மட்டத்தில் வைக்கும். அதன் கைரேகை அதற்கும் மேலே. கடைசி வரை இப்படியே. பழையதன் மேல் எழுதும் வழக்கம் இல்லை. புது இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும். வாசிக்கும்போது கைரேகை பொருந்தவில்லை என்றால் வேறு டிஸ்கிலிருந்து சரியானதைக் கட்டியெடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். யாரும் வாசிக்காத கோப்புகளையும் அவ்வப்போது முழுதாக வாசித்துச் சரிபார்க்க ஒரு கட்டளை உண்டு. ஸ்க்ரப் என்று பெயர், அதாவது தேய்த்துக் கழுவுதல். 2005 இல் இதன் மூலநிரல் பொதுவில் வந்தது. 2010 இல் சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகும் வெளியே இருந்தவர்கள் அதை ஓப்பன்இசட்எஃப்எஸ் என்று 2013 முதல் சேர்ந்து வளர்த்தார்கள். என்னைப் போன்றவர்கள் பழைய டெஸ்க்டாப்பில் அதை இலவசமாக ஓட்ட முடிகிறது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வேலையில் இறங்கினேன். சர்வரில் பிழை வந்தால் முதலில் செய்யக் கூடாதது, பதற்றத்தில் புது டிஸ்கைச் செருகி மீள்கட்டுமானத்தைத் தொடங்குவது. அப்போது மிச்சமிருக்கும் டிஸ்குகள் எல்லாம் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். சந்தேகமான டிஸ்க் நடுவில் போனால் குளமே போய்விடும். முதலில் வாசிக்க முடிகிற கோப்புகளையெல்லாம் வெளியே ஒரு டிஸ்குக்கு நகல் எடுத்தேன். பிறகு இரண்டாவது டிஸ்கின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தேன். கெட்டுப்போன பகுதிகள் என்ற வரிகளில் எல்லாம் பூஜ்யம். 199 என்ற எண்ணுள்ள வரி மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. அது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில், வழியில் கெடும் செய்திகளின் எண்ணிக்கை. டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் சரியில்லை. இன்வர்ட்டருக்கு பேட்டரி மாற்ற வந்தபோது பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். பெட்டியை அணைத்து, சின்ன கேபிள் ஒன்றை மாற்றி, மறுபடி போட்டேன். பிழைக் கணக்கைத் துடைத்துவிட்டு வாசித்தால், ஏழில் ஆறு கோப்புகள் திறந்தன. கடைசிவரை வராதது ஒரு காதுகுத்து வீடியோ மட்டும். செத்த டிஸ்குக்குப் பதிலாகப் புதியது வாங்கிப் போட்டேன். மீள்கட்டுமானம் ஒன்பது மணி நேரம் ஓடியது.

2004-05 சம்பளக் கோப்பும் அந்த ஆறில் இருந்தது. கைரேகை பொருந்தியது. ஒரு எழுத்து மாறவில்லை.

*

மறுநாள் அந்த அக்கா வந்தார். கோப்பைத் திறந்தோம். முதல் பக்கத்தில் பெயர், அடுத்து "பழைய நம்பர்", "புது நம்பர்" என்று இரண்டு கட்டங்கள். மற்ற எல்லாருக்கும் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தது. அவர் பெயருக்கு எதிரே பழைய நம்பர் காலி.

அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பீரோவின் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினார். அதில் பி.எஃப். வருடாந்திரக் கணக்குத் தாள்கள், 6ஏ படிவம், கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றோடு அவர் கையால் எழுதிய 2003-04 சம்பள ரிஜிஸ்டரும் இருந்தது. ரிஜிஸ்டரில் அந்த அக்காவின் பெயர் தமிழில், கடைசியில் "ள்" எழுத்தோடு, அவருடைய அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறது. கம்ப்யூட்டர் கோப்பில் அதே பெயர் ஆங்கில எழுத்தில். கடைசி எழுத்து இல்லை, நடுவில் ஒரு எழுத்து குறைவு, இனிஷியல் வேறு. அது அவருடைய கணவருடையது. வருடக் கணக்கு போடுபவருக்கு அது புது ஆளின் பெயராகத் தெரிந்திருக்கிறது. புது ஆள் என்றால் புது எண்.

2004 மே மாதம், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பையனைத்தான் அப்பா அந்தக் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார வைத்தார். ரிஜிஸ்டரைப் பார்த்து எல்லாப் பெயரையும் ஏற்றியது நான்தான்.

அக்காவுக்கு அது ஞாபகம் இருந்தது. "நீதானே கண்ணு டேபிள் டேபிளா வந்து இனிஷியல் என்னன்னு கேட்டுட்டு போனே? நான் அவுரு இனிஷியலைத்தான் சொன்னேன். ரேஷன் கார்டுல அப்படித்தானே இருக்குது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச வரவில்லை. இருபத்தோரு வருடம் அந்தப் பிழை மூன்று கம்ப்யூட்டர் மாறி, ஒரு கம்பெனி மூடி, நாலு டிஸ்கில் ஒன்று செத்து, ஒரு கேபிள் போன பிறகும் பத்திரமாக இருந்திருக்கிறது. இசட்.எஃப்.எஸ். தன் வேலையைப் பிசகில்லாமல் செய்திருக்கிறது. எழுதியது அப்படியே இருக்கிறது என்று அது உறுதி சொல்லும். எழுதியது சரியா என்பது அதன் கேள்வி இல்லை.

ஓலைச்சுவடிக் காலத்தில் இந்த இரண்டு கேள்வியும் பிரியாமல் இருந்தன. ஓலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், முனை முறியும். அழியும் முன் யாராவது புது ஓலையில் எழுத வேண்டும். எழுதுபவர் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்தாக வேண்டும். வாசிக்கும்போது சிலதைத் திருத்துவார், சிலதைக் கெடுப்பார். உ.வே.சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பு, ஊர் ஊராகப் போய் ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடியதும் அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டதும்தான். ஒரு பிரதி மட்டும் இருந்தால் பிழை இருப்பதே தெரியாது. இரண்டு இருந்தால் வேறுபாடு தெரியும், எது சரி என்று தெரியாது. அதற்கு நூலும் உரையும் சமயமும் தெரிந்த ஆட்களிடம் போய் உட்கார வேண்டும். சிந்தாமணி சமண நூல் என்பதால் அவர் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். ஒதுக்கிய பாடங்களையும் தூக்கிப் போடாமல் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவற்றுக்கு ஒப்பிட இன்னொரு பிரதி கிடைத்திருக்காது.

பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தமிழர்கள் மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. நாலு டிஸ்கும் ஒரே மாடிப்படிக்கு அடியில் இருந்தால் அது பேக்கப் ஆகாது என்று வேலையில் ஜூனியர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். சொந்த வீட்டில் செய்யவில்லை. தகரப் பெட்டிதான் எங்கள் இரண்டாவது பிரதியாக இருந்தது. அதையும் நான் ஒரு தீபாவளிச் சுத்தத்தில் "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குதேப்பா, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாம்" என்று சொன்னவன். அப்பா கேட்கவில்லை.

*

பெயர், இனிஷியல் திருத்தத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழி என்று ஒன்று உண்டு. ரிஜிஸ்டரின் பக்கத்தையும், 6ஏ தாள்களையும், என் கோப்பின் அச்சுப் பிரதியையும் சேர்த்து, இரண்டும் ஒருவரே, தட்டச்சில் நேர்ந்த பிழை என்று அப்பா எழுதிக் கையெழுத்திட்டார். மூடிய கம்பெனி என்பதால் இன்னும் சில தாள்கள் கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மனு கொடுத்தாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை.

சர்வரில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்க்ரப் ஓடுகிறது. பிழை வந்தால் எனக்கும் தங்கைக்கும் மெயில் வரும். கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது. தினமும் இரவில் மாறியதை மட்டும் அங்கே அனுப்பும் ஆர்சிங்க் என்ற நிரலும், சாம்பா எழுதிய அதே ட்ரிட்ஜெல் 1996 இல் பால் மக்கெராஸுடன் சேர்ந்து எழுதியதுதான். பழைய ரிஜிஸ்டர்களை ஸ்கேன் எடுத்தேன். 2004-05 கோப்பை நான் திருத்தவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு கோப்பு வைத்து, எது எங்கே வேறுபடுகிறது என்று மட்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

அன்று அக்கா கிளம்பும்போது ரிஜிஸ்டரை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். எழுத்துக்கூட்டி வாசித்தபடி விரலை இறக்கிக்கொண்டே போய், இரண்டு பெயர்களில் நிறுத்தினார். ஒருவர் இப்போது ஊத்துக்குளிப் பக்கம் இருக்கிறாராம். இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு எங்கூடத்தான் நின்னாங்க. நீ கேட்டதுக்கு அவங்களும் வூட்டுக்காரரு இனிஷியலைத்தான் சொன்னாங்க. அவங்க பேரையும் பாத்து வெச்சுரு கண்ணு."